பரமன் வைத்த வெண்டைக்காய்

சாப்பாட்டுக் கடை என்பது பசியோடு வருகிறவனிடம் நல்ல பெயர் வாங்கி, வயிறு நிறைந்து போகிறவனிடம் அதைப் பறிகொடுக்கும் தொழில். நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடத்தாதவர்களுக்கு விளக்கினால் நம்ப மாட்டார்கள். ஆகையால், கல்லாவில் உட்கார்ந்தபடியே எதிர் இலையில் மிச்சம் இருப்பதைப் பார்த்து நெஞ்சு படபடத்த என் சக பாவிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

தேனிக்கு ரயில் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. யுத்தம் இன்னும் வந்திருக்கவில்லை. ஸ்டேஷனை ஒட்டி என் தாய்மாமன் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். முழங்கால் வலி முற்றி மதுரையில் மகள் வீட்டோடு போய்விட்டபோது கடையை என் தலையில் கட்டினார். எனக்கு இன்டர்மீடியட் வரை படிப்பு. பழைய இலக்கண நூல்களுக்கு யார் உரை சிறந்தது என்று எதிரே ஆளில்லாமலே வாதாடுகிற பழக்கமும் உண்டு. அடுப்புப் பற்றவைக்க மட்டும் தெரியாது. மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. "அதான் பரமன் இருக்கான்ல" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

பரமன்தான் சமையல்காரர். என்னைவிட மூத்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட அனுமதித்தார். 'நீ' என்று சொல்ல அனுமதிக்கவில்லை. எந்தக் காயையும் நன்றாகவே சமைப்பார். வெண்டைக்காயை மட்டும் வேறு எவராலும் ஆகாதபடி சமைப்பார். பச்சை மாறாது, குழையாது, கருகாது, கையில் ஒட்டாது. சின்ன வெங்காயம், வரமிளகாய், கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவல், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்போம். பரமன் வெண்டைக்காய் வைத்த அன்று சோறுதான் வெஞ்சனம்.

அதனால் கடையில் எனக்கு இருந்தது ஒரே பயம். யாராவது இவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டால், மிஞ்சுவது நானும் பெஞ்சுகளும்தான்.

சந்தையில் ஒரு சண்டை

வெண்டைக்காய் வாங்குகிறவர் எவரும் முனையை ஒடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். நீங்களும் நானும் கூடையில் இரண்டு மூன்றை ஒடித்துவிட்டு மற்றதை நம்பிவிடுவோம். பரமன் ஒவ்வொரு காயையும் ஒடிப்பார். அதுவும் காதோரம் வைத்து. சத்தம் பிடிக்காவிட்டால் அந்தக் காய் மூக்கறுந்த கோலத்தில் கூடைக்குத் திரும்பிப் போகும். யாரோ பார்த்து வேண்டாமென்று போட்டது என்று அதற்கப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். வாரச் சந்தையில் காய் விற்ற பேச்சிக்கு இதனால் பரமன் தலை தெரிந்தாலே உடம்பு எரியும்.

ஒரு சந்தையன்று நானும் கூடப் போனேன். எங்களைக் கண்டதும் பேச்சி மரியாதையாக எழுந்து, கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினாள். உள்ளே இருந்த ஒரு வெண்டைக்காய்க்கும் முனை இல்லை. பரமன் இரண்டு கைகளையும் கூடைக்கு மேலே நீட்டியவர், ஒடிக்க ஒரு முனைகூட இல்லாமல் அப்படியே நின்றார். பேச்சி சொன்னாள்: "வா பரமா! ஒனக்கு எதுக்கு வீண் சிரமம்? விடிஞ்சதுலருந்து உக்காந்து நானே அம்புட்டையும் ஒடிச்சு வச்சிட்டேன். தூக்கு கூடையை!"

ஆப்பிரிக்கா

வீரபாண்டியிலிருந்து சின்னையா என்று ஒரு விவசாயி, எங்கள் பேச்சில் சம்சாரி, வருவார். ஆற்றுத் தண்ணீர் பாய்கிற வயலில் நெல். மேட்டில் கிணற்றடியில் வெண்டையும் கத்திரியும். சந்தைக்குக் காய் கொண்டுவந்தால் மதியச் சாப்பாடு நம் கடையில்தான். தன் தோட்டத்து வெண்டைக்காயைத் தானே இலையில் பார்ப்பது அவருக்கு, கட்டிக்கொடுத்த மகளைப் புகுந்த வீட்டில் போய்ப் பார்ப்பதுபோல. ஒன்றிரண்டு தடவை இலையைச் சுற்றிப் பார்த்து, நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே கை வைப்பார்.

நான் அப்போது ஒரு தாவர நூல் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை வைத்துக்கொள்ளத் தெரியாத குணம். "அண்ணே, வெண்டைக்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்காவாம். அங்கிருந்துதான் நமக்கு வந்ததாம்" என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அங்கன எந்த மாசம் விதை ஊனுவாக?" என்றார். புத்தகத்தில் இல்லை. "விதைய ஊறப்போடுவாகளா, சும்மா ஊனுவாகளா?" அதுவும் இல்லை. என்னைப் பார்க்கவே அவருக்குப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். ஆறுதல் சொல்கிற குரலில் முடித்தார்: "விடுங்க தம்பி. எங்க தோட்டத்துலருந்துதான் அங்கன போயிருக்கும். நடுவுல எவனோ மாத்திச் சொல்லிட்டான்."

வக்கீலும் களியும்

சந்தையன்று மட்டும் சம்சாரிகளுக்காகக் கேப்பைக்களியும் கீரைக்குழம்பும் உண்டு. பரமன் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்புப் போட்டுக் கிண்டுவதைப் பார்த்தால், யாரோ ஒருவரைக் கொலை செய்கிறார் என்றே தோன்றும். மதுரையிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், நம் நாட்டு உணவின் பெருமையைப் பற்றி எனக்கு ஒரு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு, களியே வேண்டும் என்று கேட்டு வாங்கினார். வாங்கி, மென்றார். களியைக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும், மெல்லுவது பாவம். அவர் மென்றார், மென்றார், கண்ணில் நீர் வரும்வரை மென்றார். எதிர் இலையில் இருந்த சின்னையா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வக்கீலய்யா, அதை முழுங்குங்க. மென்டீகன்னா ஒங்க கேசு மாதிரி இழுத்துக்கிட்டே போகும்."

இரண்டு கொடிகள்

கடை வாசலில் நின்றால் ரயில் தெரியும். ரயிலிலிருந்து பார்த்தால் எங்கள் இலைகள் தெரியும். போடிக்குப் போகிற வண்டி தேனியில் நிற்கிற சொற்ப நேரத்தில் ஒரு கார்டு ஓடிவந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார். ஒருநாள் அவர் வந்தபோது வெண்டைக்காய் சட்டியில் பாதி வெந்துகொண்டிருந்தது. மணம் வந்துவிட்டது, பண்டம் வரவில்லை. டிரைவர் ஊதினார். கார்டு வாசலுக்குப் போய் எஞ்சின் பக்கம் சிவப்புக் கொடியைக் காட்டினார். அப்புறம் உள்ளே திரும்பிச் சமையற்கட்டைப் பார்த்துப் பச்சைக் கொடியைக் காட்டினார்.

பரமனோ எந்தக் கொடிக்கும் அசைகிறவர் அல்ல. வெண்டைக்காய் அதற்கு உண்டான நேரத்தில்தான் இறங்கியது. கார்டு நின்றபடியே சாப்பிட்டார். வண்டியில் அத்தனை சன்னலிலும் தலைகள் முளைத்துவிட்டன. அவற்றில் ஒன்று ஓர் அம்மாளுடையது. மடியில் பித்தளைத் தூக்கும் தேங்காய்ப் பழத் தட்டும். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "ஏய்யா கார்டு, எம் மகளுக்கு வளைகாப்புப் போடப் போறேன்யா. நீ தின்னு முடிக்கிறதுக்குள்ள பேரப்பிள்ளையே வந்துரும்போல!"

தட்டி

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. கௌமாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டதும், தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டி விரதம் தொடங்குவார்கள். அப்புறம் திருவிழா முடிகிறவரை அவர்கள் சாப்பாட்டில் தாளிப்பு கிடையாது. எண்ணெயில் கடுகு வெடிக்கக் கூடாது. அந்த வாசமே ஆகாது. வீட்டில் இருப்பவர்களுக்குச் சரி. வெளியூரிலிருந்து மஞ்சள் துணியோடு நடந்து வந்து, பசி தாங்காமல் கடைக்குள் நுழைகிறவர்களுக்கு என்ன வழி? பரமன் வெண்டைக்காயை முழுசாகத் தணலில் சுட்டு, உப்பும் பச்சை மிளகாயும் புளிக்கரைசலும் விட்டுப் பிசைந்து ஒரு பச்சடி செய்தார். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நாக்கில் ஊறுகிறது.

ஆனால் ஸ்டேஷன்காரர்களுக்குக் கடுகு வெடிக்காத குழம்பு குழம்பே இல்லை. நான் யோசித்து, கடையின் நடுவே ஒரு மூங்கில் தட்டி கட்டினேன். இந்தப் பக்கம் விரதம், அந்தப் பக்கம் தாளிப்பு. இரு சபைகள் வைத்து நாடாளுகிற முறை இதுதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். முதல் பந்தியிலேயே பரமன் அந்தப் பக்கத்துக் குழம்பைத் தாளித்தார். மணம் தட்டிக்கு மேலே ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, பந்தி நடுவில் உட்கார்ந்தது. காப்புக் கட்டிய ஒரு பெரியவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "தட்டி கட்டியிருக்கிறேனே ஐயா, அங்கே நடப்பது உங்கள் கண்ணில் படாதே" என்று கெஞ்சினேன். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "கண்ணுக்குக் கட்டிட்டீக முதலாளி. மூக்குக்கு எங்கன கட்டுவீக?"

அடக்கத்தால் வந்த கேடு

நான் பயந்த நாள் ஒரு சாதாரண மதிய வேளையில் வந்தது. குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மானேஜராக இருந்த வர்க்கி என்பவர், மதுரை ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் சாப்பிட வந்தார். மலையாளக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். வெண்டைக்காயை முதல் தடவை பேசாமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாம் தடவை சோறு வேண்டாம், அது மட்டும் போதும் என்றார். தோழர்களே, குறை சொல்கிற வாடிக்கைக்காரனுக்குப் பயப்படாதீர்கள்; கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவனுக்குப் பயப்படுங்கள். "இது ஆரு வச்சது?" என்றார். ஆபத்தில் கடைக்காரன் நாக்கு அவனைக் கேட்காமலே வேலை செய்யும். "நான்தான்" என்றேன்.

அவர் என்னையும், கல்லாமேல் கிடந்த புத்தகத்தையும் பார்த்தார். "எங்க பங்களாவுக்கு நல்லொரு குக் வேணும். முதலாளிமார் வரும், வெள்ளைக்காரர் வரும். கடையை வேற ஆளு நோக்கட்டே. நிங்ஙள் வா" என்றார். தப்பித்தேன் என்று நினைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். கற்றவனுக்கு அடக்கம் வேண்டுமே! "அப்படி ஒன்றும் பிரமாதமாகச் செய்துவிடவில்லை சார். ஏதோ கைக்கு வந்தது" என்றேன்.

சமையற்கட்டில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. பெயரைத் திருடியதைக்கூடப் பரமன் பொறுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். பிரமாதம் இல்லை என்றதைப் பொறுக்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "என்னாது? பிரமாதம் இல்லையா? சார், இவுகளுக்கு உப்பு எந்தச் சாடியில இருக்குன்னே தெரியாது. அந்த வெண்டைக்கா நான் வச்சது சார், நான்!"

பஸ் ஸ்டாண்டில்

வர்க்கி மதுரையிலிருந்து திரும்புகிறபோதும் வந்தார். அடுத்த தடவை ரயிலுக்கு வேலையே இல்லாமலும் வந்தார். பங்களாவில் பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாக மின்னுவதையும், சமையல்காரருக்குத் தனி அறை இருப்பதையும் சமையற்கட்டு வாசலில் நின்று விவரித்தார். பரமன் வேலை செய்துகொண்டே கேட்டார். கேட்கக் கேட்கக் கழுத்து நிமிர்ந்தது.

என்னால் ஆனதை நானும் செய்தேன். மலையில் அட்டை கடிக்கும் என்றேன். "என்னையவா?" என்றார், அட்டைக்கும் ஆள் தெரியும் என்பதுபோல. அவர் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து ஒரு வெண்பா எழுதி வாசித்துக் காட்டினேன். முதல் மூன்று அடியில் வெண்டைக்காய், ஈற்றடியில் பரமன். உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "மூணு அடி காய்க்கு, ஒரு அடி எனக்கா?" என்றார். மறுநாள் பெட்டி கட்டிவிட்டார்.

அது ஆனி மாதம். மேற்கே மழை பிடிக்கிற காலம். பங்களாவில் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வர்க்கி பரமனிடம்தான் விசாரித்தார். என்னை யாரும் விசாரிக்கவில்லை. ஆகவே நானும் வானத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குமுளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பரமன் சன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். வண்டி நகரும்போது சொன்னார்: "மனசத் தளர விடாதீக முதலாளி. நீங்களும் படிச்சவுகதானே. எந்தச் சாடியில உப்புன்னு ஒவ்வொண்ணா நக்கிப் பாத்துப் பழகிக்கிடுங்க."

மொச்சைக் காலம்

போடியிலிருந்து ஒரு சமையல்காரரைப் பிடித்தேன். தங்கமான மனிதர், சுத்தமான கை. மொச்சையைத் தவிர வேறு எதையும் ஒரு பண்டமாக அவர் மதிப்பதில்லை. மொச்சை எங்கள் சீமையின் பெருமை. தை மாதத்துப் பச்சை மொச்சைக் குழம்பை நான் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் ஆனியில் கிடைப்பது காய்ந்த மொச்சை. அதை ஊறப்போட்டுக் குழம்பு வைத்தார். கூட்டு வைத்தார். பொரியல் என்று ஒன்று செய்தார், அதிலும் மொச்சை. வெண்டைக்காய் செய்யுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். காயைக் கழுவிய கையோடு நறுக்கிச் சட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்து, துணைக்கு மொச்சையும் சேர்த்து மூடிவைத்தார். ஒரு ஜில்லாவுக்கே நோட்டீஸ் ஒட்டலாம், அப்படிக் கொழகொழவென்று வந்தது.

கார்டு ஒருநாள் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து போடி வண்டி நேரத்துக்குப் புறப்பட்டது. ஸ்டேஷன்காரர்கள் வீட்டிலிருந்து தூக்கில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மதிய வேளையில் பெஞ்சில் படுத்துக்கொண்டு படிக்கலாம்போல் ஆகிவிட்டது கடை. இப்படியே ஐப்பசி வரை போனால் மூடிவிட்டு மாமாவுக்குச் சாவியைக் கொடுத்தனுப்ப வேண்டியதுதான் என்று தெரிந்தது. நம்பி வந்தவர் சின்னையா ஒருவர்தான். தன் காயைத் தானே இலையிலிருந்து இரண்டு விரலால் எடுத்தார். விரலுக்கும் இலைக்கும் நடுவே ஒரு நூல் நீண்டது. அது அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினார். அறவில்லை. மெல்லக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை மாதிரி தண்ணி பாய்ச்சி வளத்தேன் தம்பி. மாட்டுக்குப் போட்டிருந்தாக்கூட, என்னைய இப்பிடித் தலைகுனிய வச்சிருக்காது."

மானேஜரின் முறையீடு

ஆடி மாதம் வர்க்கி வந்தார். தேனியில் காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய குடையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. இலை போடச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார். பரமனுக்கு வெண்டைக்காயில் ஒரு முறை உண்டு. கழுவி, கொல்லையில் பாயில் பரப்பி, மேலே ஈரம் போக வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் அரிவாள்மனைப் பக்கம் கொண்டுபோவார். நறுக்கிய பிறகும் முறத்தில் கொஞ்சம் காய வேண்டும். தேனியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? தோட்டத்திலோ அவர் போய் இறங்கிய அன்று பிடித்த மழை விடவில்லை. காய் கீழேயிருந்து தலைச்சுமையில் நனைந்து வந்தது. துணியால் துடைத்தார்; துணியே காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார், புகை நாற்றம்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பறித்த ஏலக்காயை உலர்த்த அனல் ஓடுகிற ஓர் அறை எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். யாருக்கும் சொல்லாமல் அதற்குள் வெண்டைக்காயைப் பரப்பிவிட்டார். நன்றாகக் காய்ந்தது. அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி, ஏல வாசனை கமகமக்கும் வெண்டைக்காய்ப் பொரியலைப் பாயசம் மாதிரி ஏதோ ஒரு தித்திப்பு என்று நினைத்துக் கரண்டி நிறைய வாயில் போட்டுக்கொண்டார்களாம். காரம் ஏறி அம்மாள் அழுதுவிட்டாளாம். தோட்ட முதலாளி உலர்த்தும் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். "அப்படியானால் திருப்பி அனுப்பிவிடுவதுதானே?" என்றேன். "ஊருக்குப் போகுமோன்னு கேட்டாச்சு. 'தோத்துப் போயி ஊர்ல எறங்க மாட்டேன்'னு சொல்லி அடுப்படியில இரிக்குது" என்றார். அப்புறம் இரண்டு கைகளையும் விரித்தார்: "நேத்து ராவிலே எங்கிட்ட வந்து வெயிலு வேணும்னு கேக்குது! ஞான் எவிடெ போயி வெயிலு வாங்கும்?"

மூவர் நாடகம்

மறுநாளே பஸ் ஏறினேன். கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரை நல்ல வெயில். மலைப்பாதையில் இரண்டு வளைவு ஏறியதும் மழை. பரமன் பங்களாச் சமையற்கட்டில் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். ஆள் இளைத்திருந்தார். "எனக்கென்ன முதலாளி, ராசாவாட்டம் இருக்கேன்" என்றார். சொல்லிக்கொண்டே ஒதுங்குவதுபோல் ஒதுங்கி, பின்னால் இருந்த சட்டியை முதுகால் மறைத்தார். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. வர்க்கி என்னிடம் வந்தது, வெள்ளைக்கார அம்மாள் அழுதது எதுவும் எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். "பரமன், கடை நடக்கவில்லை. சின்னையா இலையைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டார். நீங்கள் வந்து காப்பாற்றினால்தான் உண்டு" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் சொல்வது கஷ்டமாக இருந்தது.

பரமன் கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதெப்படி? இங்கன என்னைய நம்பி எத்தனை பேரு இருக்காக! சாரு விட மாட்டாகளே" என்றார். வாசலில் நின்ற வர்க்கி முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "பரமன் இல்லாதெ ஞங்ஙள் எங்ஙனெ? விட முடியாது, விடவே முடியாது" என்றார். கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டார். பரமன் முகத்தில் சட்டென்று ஒரு கலவரம். நிஜமாகவே விட மாட்டார்களோ என்று. அந்த ஒரு கணத்தில், எனக்குக் கடைமேல் இருந்த ஆசையைவிட அவருக்கு ஊர்மேல் இருந்த ஏக்கம் பெரிது என்று புரிந்தது. நான் கைகூப்பி மானேஜரைக் கெஞ்சினேன். அவர் மனமில்லாமல் இறங்கிவந்தார். பரமன் மனமில்லாமல் சம்மதித்தார். டிரங்குப் பெட்டியை மட்டும் மானேஜரே தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார்.

லோயர் கேம்ப் வந்ததும் மழை பின்னால் நின்றுவிட்டது. வெயில் சன்னல் வழியாகப் பரமன் மடியில் விழுந்தது. அவர் கம்பளித் துண்டை அவிழ்த்து மடித்து வைத்தார். இரண்டு கைகளையும் சன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையும் புறங்கையுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் கேட்டுவிடக் கூடாதே என்று புத்தகத்தை விரித்துவைத்திருந்தேன். கம்பத்துக்குப் பஸ் திரும்பும்போது அவரே மலைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவம், முதலாளி, அங்கன உள்ள ஆளுக. நான் இல்லாம இனி என்ன பாடு படப் போறாகளோ!"

சாப்பாட்டுக் கடையில் அடுப்பு அணைந்தால் எதிர்வீட்டில் நெருப்பு வாங்கிக்கொள்ளலாம், சமையல்காரரின் கர்வம் அணைந்தால் ஊரோடு மொச்சையைத்தான் தின்ன வேண்டும் என்பதே இத்தனை நூல் படித்தவன் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து தெரிந்துகொண்ட ஒரே சமையல் குறிப்பு.